வந்த வேளை

பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். கணக்கு வாத்தியார் இதை இலேசில் ஒப்புக்கொள்ள மாட்டார். தெருவில் நடக்கும்போது கல் தடுக்குவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்றால், இரண்டு முறை தடுக்குவதற்குப் பதினாயிரத்தில் ஒரு பங்குதான் வாய்ப்பு என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவார். பாட்டி பேசுவது அனுபவம். வாத்தியார் பேசுவது கணிதம். இரண்டுமே அதனதன் இடத்தில் சரி என்று சொல்லி நழுவிவிடலாம். நழுவுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. இந்தச் சின்னக் கணக்கில் மனிதர்களுடைய மானமும் வாழ்வும் அகப்பட்டுக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

தரமணியில் எனக்குப் பழக்கமான குடும்பம் ஒன்று உண்டு. தகப்பனார் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். மூத்த மகன் ஒரு சிறிய பட்டறையில் வேலை பார்த்தான். அவனுக்கு 2015 ஆவணியில் கல்யாணம் நடந்தது. பெண் செஞ்சிப் பக்கத்து ஊர்க்காரி. அதற்கு முன் சென்னையையே பார்த்ததில்லை. கார்த்திகை நடுவில் வெள்ளம் வந்து வீட்டுக்குள் இடுப்பளவு நின்றது. ஆட்டோ மூழ்கி இயந்திரம் கெட்டது. பட்டறையும் மூழ்கியது, முதலாளி கதவைப் பூட்டிவிட்டுப் போனார், மகனுக்கு வேலை போயிற்று. பிறகு பெரியவர் எலிக்காய்ச்சலில் படுத்துக்கொண்டார். தை பிறப்பதற்குள் நான்கு அடிகள்.

நான் விசாரிக்கப் போனபோது அந்த வீட்டு அம்மாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நான் யாரையும் குத்தம் சொல்லலை சார். ஆனா அவ வந்த வேளை அப்படி. முப்பது வருஷமா இல்லாதது நாலு மாசத்துல வருதுன்னா, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க."

அந்தப் பெண் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழாமல் இருந்திருக்காது. தலை நிமிரவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள் என்று ஒருவர் சொல்லிவிட்டால் போட்டுத்தானே பார்க்க வேண்டும்? அந்த வீட்டின் இளைய பையன் அப்போது பதினோராம் வகுப்பு. அவனுடைய பாடப்புத்தகத்தில் நிகழ்தகவு என்று ஒரு பாடம் இருந்தது. பகடை, நாணயம், பைக்குள் போட்ட சிவப்புப் பந்து, நீலப் பந்து என்று எத்தனையோ உதாரணங்கள் அதில் உண்டு. நம் வீட்டுத் தாயக்கட்டையை மட்டும் காணோம். அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பித்தளைக் கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு முகங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்றுமில்லாத வெற்று முகம். முதல் கட்டை நான்கு விதமாக விழலாம். அந்த ஒவ்வொரு விதத்துக்கும் இரண்டாவது கட்டை நான்கு விதமாக விழலாம். ஆகப் பதினாறு வகை. தாயம் விழ வேண்டுமானால் ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் வர வேண்டும். அதற்கு இரண்டு வழி உண்டு. எனவே பதினாறில் இரண்டு, அதாவது எட்டில் ஒன்று. பன்னிரண்டு விழ இரண்டுமே வெறுமையாக வர வேண்டும். அதற்கு ஒரே வழி, பதினாறில் ஒன்று. நான்கில் ஒன்றை நான்கில் ஒன்றால் பெருக்கினாலும் அதே விடை வரும். இரண்டு காரியங்கள் சேர்ந்து நடப்பதற்கு இப்படிப் பெருக்கிக்கொள்ளலாம் என்பதுதான் பாடத்தின் சாரம். அடுத்தடுத்து ஐந்து தடவை பன்னிரண்டு விழுவதற்குப் பத்து லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூற்று எழுபத்தாறில் ஒரு வாய்ப்பு. அப்படி உருட்டுகிறவர் சகுனிக்கு உறவாக இருக்கலாம் என்று எதிரில் இருப்பவர் சந்தேகித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பெருக்கலுக்கு முன்னால் பாடப்புத்தகம் ஒரு சொல்லைப் போட்டிருக்கிறது. பையன்கள் பரீட்சை அவசரத்தில் அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். 'சார்பிலா நிகழ்ச்சிகளாக இருந்தால்' என்பது அது. ஒரு கட்டை எப்படி விழுந்தது என்பது மற்றக் கட்டைக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கணக்கே வேறு. இரண்டு கட்டைகளையும் ஒரே முகம் மேலே வரும்படி முனையோடு முனை சேர்த்து வைத்து நூலால் இறுகக் கட்டி உருட்டிப் பாருங்கள். ஒன்றில் வெறுமை வந்தால் மற்றதிலும் வெறுமைதான். பன்னிரண்டு விழும் வாய்ப்பு பதினாறில் ஒன்றாக இருந்தது நான்கில் ஒன்றாகிவிடும். தாயம் ஒருநாளும் விழாது. ஆட்டம் தொடங்கவே தொடங்காது. கட்டைகள் அவையேதான். நடுவில் ஒரு நூல் வந்துவிட்டது.

இந்த நூலைப் பற்றி ஆராய்ந்தவர்களில் ஒருவரைத் தரமணியின் பெயரைச் சொன்னாலே நினைத்துக்கொள்ள வேண்டும். தரமணியில் திரைப்படக் கல்லூரி இருக்கிறது. ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. அவற்றோடு கணித அறிவியல் நிறுவனமும் இருக்கிறது. அந்த நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் அல்லாடி இராமகிருஷ்ணன். அரசியல் சட்டத்தை வரைந்த குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் புதல்வர். முதலில் மயிலாப்பூர் லஸ்ஸில் 'ஏகாம்ர நிவாஸ்' என்ற தம் வீட்டிலேயே மாணவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு பௌதிகம் பேசினார். 1960ல் நீல்ஸ் போர் சென்னைக்கு வந்தபோது அந்தச் சிறு கூட்டத்தைக் கண்டு மகிழ்ந்தார். 1962 ஜனவரி 3ஆம் தேதி நிறுவனம் தொடங்கியது. தொடக்க விழா நடந்தது மாநிலக் கல்லூரியில். தரமணிக்கு வந்தது பிற்பாடு.

அவர் இளம் வயதில் எடுத்துக்கொண்ட பிரச்சினை, வானத்திலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களைப் பற்றியது. ஒரு எலெக்ட்ரான் மிகுந்த வேகத்தோடு காற்று மண்டலத்துக்குள் நுழைகிறது. அது ஒளித்துகளை உமிழ்கிறது. ஒளித்துகள் உடைந்து ஒரு எலெக்ட்ரானும் ஒரு பாசிட்ரானும் ஆகின்றன. அவை மறுபடி ஒளித்துகளை உமிழ்கின்றன. இப்படி ஒன்று பலவாகிப் பெரிய தாரையாக இறங்குகிறது. இந்த அளவு சக்தியோடு ஒரு துகளும், அந்த அளவு சக்தியோடு இன்னொரு துகளும் சேர்ந்து காணப்படுவதற்கு வாய்ப்பு என்ன? தனித்தனி வாய்ப்புகளைப் பெருக்கினால் விடை தவறாக வரும். ஏனென்றால் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றைப் பற்றித் தெரிந்தால் மற்றதைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துவிடுகிறது. இப்படி உறவுள்ள துகள்களை எண்ணுவதற்கென்று ஒரு முறையை வகுத்து அவர் 1950ல் வெளியிட்டார். ஹோமி பாபாவும் அதே காலத்தில் அதே வழியில் சிந்தித்தார். அந்தக் கணிதம் முழுவதும் எனக்கு விளங்கியது என்று நான் பாவனை செய்யப் போவதில்லை. ஆனால் உறவு உள்ள இடத்தில் பெருக்காதே என்ற அதன் முதல் எச்சரிக்கை கதை எழுதுகிறவனுக்கும் விளங்கக்கூடியதுதான்.

இனி அந்த அம்மாளின் நான்கு அடிகளுக்கு வருவோம். வெள்ளம், ஆட்டோ, பட்டறை வேலை, காய்ச்சல். நான்கும் தனித்தனி என்று எண்ணிப் பெருக்கிப் பார்த்தால் நம்பவே முடியாத ஒரு துரதிருஷ்டம் தோன்றும். இத்தனை பெரிய துரதிருஷ்டத்துக்கு இத்தனை பெரிய காரணம் வேண்டுமே என்று மனம் தேடும். வீட்டில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்க்கும். புதிதாக வந்தவள் குழாயடியில் இருக்கிறாள்.

நான்கையும் கட்டியிருந்த நூல் தண்ணீர். அந்த நூலின் மறுமுனை செஞ்சியில் இல்லை. 2015 நவம்பரில் சென்னையில் பெய்த மழை 1,049 மில்லிமீட்டர். அந்த மாதத்தில் வழக்கமாகப் பெய்வதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல். 1918க்குப் பிறகு நவம்பரில் அப்படிப் பெய்ததில்லை. ஏரிகள் தளும்பி நின்றன. அந்த நிலையில்தான் டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. ஏரி நிறைவதும் ஆறு பெருகுவதும் ஊர் மூழ்குவதும் தனித்தனி நிகழ்ச்சிகள் என்று எந்த வாத்தியாரும் சொல்லமாட்டார். பெரிய மழையே பெய்தாலும் வறண்ட ஏரி அதை விழுங்கிக்கொள்ளும். நிறைந்த ஏரி விழுங்காது. முதல் மழை நடந்துவிட்டது என்பதே இரண்டாவது மழையைக் கொடியதாக்கியது.

அந்த வாரத்தில் சென்னையில் எதுவும் தனியாக நிற்கவில்லை. மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் இருக்கிறது என்று நினைத்திருந்தவர்கள், ஜெனரேட்டரும் அதே தண்ணீரில் நிற்பதைக் கண்டார்கள். செல்போன் கோபுரங்கள் ஓய்ந்தன. விமான நிலையம் நீரில் மூழ்கி மூடிக் கிடந்தது. அச்சகத்துக்கு ஆட்கள் போக முடியாததால் 'தி ஹிந்து' பத்திரிகை டிசம்பர் 2ஆம் தேதி அச்சாகவில்லை. 1878ல் தொடங்கியதிலிருந்து அப்படி நேர்ந்தது அதுவே முதல் தடவை என்று சொன்னார்கள். காலையில் காபி டம்ளரோடு பத்திரிகையைத் தேடிய மயிலாப்பூர்ப் பெரியவர்களுக்கு உலகம் அஸ்தமித்தது போலத்தான் இருந்திருக்கும். அதற்காக அந்த வருஷம் கல்யாணமாகி வந்த நாட்டுப்பெண்களின் காலைப் பத்திரிகைக்காரர்கள் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

படிப்பில்லாதவர்கள்தான் இப்படிப் பேசுவார்கள் என்று வாசகர்களில் சிலர் நினைக்கக்கூடும். படித்தவர்கள், அதுவும் பெரிய படிப்புப் படித்தவர்கள், அளவுகோலும் கையுமாக இதே அநீதியைச் செய்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்று ஒரு பெண். அவளே ஒரு வக்கீல். 1996 டிசம்பரில் அவளுடைய முதல் ஆண் குழந்தை பதினொரு வாரத்தில் தொட்டிலில் இறந்தது. 1998 ஜனவரியில் இரண்டாவது ஆண் குழந்தை எட்டு வாரத்தில் இறந்தது. தாய்தான் கொன்றாள் என்று வழக்குப் போட்டார்கள். புகழ்பெற்ற குழந்தை வைத்தியரான ராய் மெடோ சாட்சி சொன்னார். அப்படிப்பட்ட வசதியுள்ள குடும்பத்தில் காரணம் தெரியாமல் ஒரு குழந்தை இறப்பதற்கு 8,543ல் ஒரு வாய்ப்பு. இரண்டு குழந்தைகள் இறப்பதற்கு அதை அதனாலேயே பெருக்க வேண்டும். ஏறக்குறைய 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று. ஜூரிகள் அந்த எண்ணைக் கேட்டார்கள். 1999 நவம்பரில் அவளுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

அந்தப் பெருக்கலைச் செய்வதற்கு முன்னால் 'சார்பிலா' என்ற சொல்லை அந்த நீதிமன்றத்தில் யாராவது உரக்கப் படித்திருக்கலாம். இரண்டும் ஒரே தாய் தந்தையின் குழந்தைகள். ஒரே இரத்தம், ஒரே வீடு, ஒரே காற்று. ஒன்றுக்கு இருந்த பலவீனம் மற்றதற்கும் இருந்திருக்கலாம். காஸ்மிக் துகள்களுக்குக் காட்டப்பட்ட மரியாதை அந்தக் குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை. இன்னொரு குற்றமும் அதில் உண்டு. இரண்டு குழந்தைகள் இயற்கையாக இறப்பது அபூர்வம் என்றே இருக்கட்டும். ஒரு தாய் தன் இரண்டு சிசுக்களையும் கொல்வது சகஜமா? அதுவும் அபூர்வந்தான். இரண்டு அபூர்வங்களில் எது நடந்தது என்று ஒன்றோடொன்றை வைத்து எடை போட வேண்டும். ஒரு தட்டை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்கள். 2001 அக்டோபரில் அந்நாட்டுப் புள்ளியியல் சங்கமே இந்தக் கணக்குக்கு ஆதாரமில்லை என்று பகிரங்கமாக அறிவித்தது. இரண்டாவது குழந்தையின் உடலில் தொற்று இருந்ததைக் காட்டிய பரிசோதனை முடிவு மறைந்து கிடந்ததும் வெளிவந்தது. 2003 ஜனவரியில் அவளை விடுதலை செய்தார்கள். அவள் மறுபடி பழைய மனுஷியாகவில்லை. 2007 மார்ச்சில், நாற்பத்திரண்டாவது வயதில் இறந்துபோனாள்.

தரமணி அம்மாளையும் இங்கிலாந்து நிபுணரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். நூல் இருந்த இடத்தில் இருவருக்குமே அது தெரியவில்லை. தெரியாததால் நிகழ்ச்சிகளைத் தனித்தனி என்று கொண்டு, தனித்தனியாக வந்த இத்தனை துன்பத்துக்கு ஒரு மனித உருவம் தேடினார்கள். இருவருக்கும் கிடைத்தது ஒரு பெண். இது தற்செயல் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

நூலே இல்லாத இடத்திலும் நம்மவர்கள் ஒரு நூல் கட்டிவிடுவார்கள். அதற்கும் கணக்குச் சொல்லுகிறேன். ஒரு குடும்பத்துக்கு ஓராண்டில் நேரக்கூடிய பத்து விதமான சங்கடங்களை நினைத்துக்கொள்ளுங்கள்: நோய், மரணம், வேலை போவது, திருட்டு, வழக்கு, மாடு சாவது, கீழே விழுந்து எலும்பு முறிவது இப்படி. ஒவ்வொன்றும் பத்து வருஷத்துக்கு ஒரு முறைதான் வரும் என்றும், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். கல்யாணமான முதல் வருஷத்தில் எதுவுமே நேராமலிருக்க என்ன வாய்ப்பு? பத்தில் ஒன்பதைப் பத்துத் தடவை பெருக்க வேண்டும். விடை நூற்றுக்கு முப்பத்தைந்துக்குச் சற்றுக் குறைவு. அதாவது மூன்று மருமகள்களில் இரண்டு பேர், ஏதாவது ஒரு சங்கடம் நேர்ந்த வருஷத்தில்தான் வீட்டுக்குள் கால் எடுத்து வைக்கிறார்கள். நான்கு பேரில் ஒருத்திக்கு இரண்டு சங்கடமோ அதற்கு மேலோ முதல் வருஷத்திலேயே நேர்ந்திருக்கும். அதிருஷ்டமில்லாதவள் என்று பெயர் வாங்க ஒரு பெண் எந்தப் பாவமும் செய்ய வேண்டியதில்லை. கல்யாணம் செய்துகொண்டால் போதும்.

அந்த வருஷத்தில் மாப்பிள்ளையும் ஒரு வீட்டுக்குப் புதிதாக வந்தவர்தானே? அவருடைய வேளையை அந்த வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. மாமனாருக்கு உத்தியோக உயர்வு கிடைத்தால் மட்டும் மாப்பிள்ளை ராசி என்பார்கள்.

கதை எழுதுகிற தொழிலில் இதன் இன்னொரு பக்கத்தைக் காணலாம். தொடர்கதையில் கதாநாயகிக்கு ஒரே வாரத்தில் தகப்பனார் இறந்து, வீடு ஏலம் போய், காதலனும் கைவிட்டால் வாசகர்கள் ஒப்புக்கொள்வதில்லை. ஆசிரியர் வேண்டுமென்றே வதைக்கிறார் என்று கடிதம் எழுதுவார்கள். ஏலத்தின் அதிர்ச்சியால் தகப்பனார் இறந்தார், சொத்துப் போனதால் காதலன் விலகினான் என்று காட்டிவிட்டால் அதே வாசகர்கள் கண்ணீர் விடுவார்கள். தாமஸ் ஹார்டியின் நாவல்களில் தற்செயல்கள் அதிகம் என்று இன்றும் விமரிசகர்கள் குறை கூறுகிறார்கள். கதையில் நூல் எங்கே என்று கேட்கத் தெரிந்த வாசகர், பக்கத்து வீட்டில் மூன்று துன்பம் சேர்ந்து வந்தால் அந்தக் கேள்வியை ஏனோ கேட்பதில்லை. அங்கே விதி என்கிறார். அல்லது வந்த வேளை என்கிறார்.

விதியை நம்புகிறவர்களோடு நான் சண்டைக்குப் போகவில்லை. விதி என்று சொல்லிவிட்டு வானத்தைப் பார்ப்பவரால் யாருக்கும் கெடுதல் இல்லை. விதி என்று சொல்லிக்கொண்டே குழாயடிப் பக்கம் பார்ப்பவரிடந்தான் எனக்கு வழக்கு.

நூலைத் தேடிப் போவதில் ஒரு சங்கடம் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எல்லாம் மழையால் வந்தது, யார்மேலும் குற்றமில்லை என்று அங்கேயே நின்றுவிட முடிவதில்லை. நூல் மழையோடு முடியவில்லை. அன்று விழுந்த தண்ணீர் போய்த் தங்க வேளச்சேரியில் பெரிய ஏரி ஒன்று இருந்தது. அது சுருங்கிவிட்டது. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பல ஆயிரம் ஹெக்டேர் பரந்து கிடந்தது. இப்போது மிஞ்சியிருப்பது சில நூறு. குப்பைமேடும் சாலைகளும் கட்டடங்களும் மற்றதை எடுத்துக்கொண்டன. அந்தக் கட்டடங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் உண்டு. அவற்றில் கடன் வாங்கி வீடு வாங்கியவர்கள் என்னையும் உங்களையும் போன்ற குடும்பஸ்தர்கள், மாதச் சம்பளக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் கதை படிக்கிறவர்கள். அவர்கள் வந்த வேளையில் ஏரி போயிற்று. அதற்கு அனுமதி கொடுத்து முத்திரை குத்தியவர்களின் பெயர்கள் ஏதோ காரியாலயத்துப் பதிவேடுகளில் தேதியோடு இருக்கும். செஞ்சிப் பெண்ணின் பெயர் அந்தப் பதிவேடுகள் எதிலும் இல்லை.